ஆறுமணிக்குருவி: ஐப்பசி மழையில் வீட்டுக்குள் வந்து விழும் வண்ணப் பறவை... யார் இது? பார்த்தால் என்ன செய்யணும்?

புரட்டாசி கடைசி, ஐப்பசி தொடக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வரும் நேரம். தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் சில வீடுகளுக்கு எதிர்பாராத விருந்தாளி ஒன்று வந்து சேரும். காலையில் கதவைத் திறந்தால் திண்ணை ஓரத்தில், மாடிப்படி அடியில், மாட்டுக் கொட்டகையில் ஒரு குட்டிப் பறவை சுருண்டு உட்கார்ந்திருக்கும். முதுகு பச்சை, தோளில் நீலம், வாலடியில் ரத்தச் சிவப்பு. கிட்டே போனாலும் பறக்காது.

'கிளிக் குஞ்சா? மீன்கொத்தியா? யாராவது வளர்த்தது தப்பி வந்துடுச்சா?' என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். கடைசியில் ஒரு கூண்டு தேடுவார்கள். சிக்கலே அந்தக் கூண்டில்தான் தொடங்குகிறது.

அது யாரும் வளர்த்த பறவை இல்லை. வட இந்தியக் காடுகளிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து வந்து, களைத்துப்போய் இறங்கிய காட்டுப் பறவை. பெயர் ஆறுமணிக்குருவி. அது எங்கிருந்து வருகிறது, ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் பக்கத்து ஊர்களில் அதற்கு என்ன வேலை, வீட்டுக்குள் வந்தால் என்ன செய்ய வேண்டும்? முழு விவரம் இதோ.

யார் இந்த ஆறுமணிக்குருவி?

தமிழில் இதற்குத் தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர் உண்டு. தோட்டத்துப் புதருக்குள் திருடனைப் போலப் பதுங்கிப் பதுங்கித் திரிவதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இந்தியன் பிட்டா'. இந்தியில் 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறத்தான்.

'பிட்டா' என்ற சொல்லே நம் பக்கத்து வீட்டுச் சொல்தான். தெலுங்கில் 'பிட்ட' என்றால் சிறு பறவை. அதைத்தான் 1816-இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியெய்யோ இந்தப் பறவைப் பேரினத்துக்குப் பெயராக வைத்தார். இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என எங்கு இந்தக் குடும்பப் பறவையைப் பார்த்தாலும் உலகமே அந்தத் தெலுங்குச் சொல்லால்தான் அழைக்கிறது.

இதன் அறிவியல் பெயர் பிட்டா பிராக்கியூரா. இரண்டாவது சொல்லுக்குக் குட்டை வால் என்று பொருள். இந்தப் பறவையை 1766-இல் அறிவியல் உலகுக்கு முறைப்படி விவரித்தவர் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். வேடிக்கை என்னவென்றால், அவர் இதைக் காக்கைப் பேரினத்தில் சேர்த்து வைத்திருந்தார். காக்கைக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை என்பது பிறகுதான் தெளிவானது.

அளவு எவ்வளவு? ஏறத்தாழ 19 செ.மீ. நீளம். மைனாவைவிடச் சிறியது. எடை சுமார் 50 முதல் 60 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டை அளவுதான். ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்பது நிறமும் எங்கே இருக்கிறது?

தலை உச்சியின் நடுவில் கறுப்புக் கோடு. அதன் இரு பக்கமும் வெளிர் பழுப்பு. கண்ணின் குறுக்கே, முகமூடி கட்டியது போல அகலமான கறுப்புப் பட்டை. அதற்கு மேல் புருவம் போல வெள்ளைக் கோடு. தொண்டையும் வெள்ளை. முதுகு பச்சை. தோளிலும் வாலுக்கு மேலேயும் பளபளக்கும் நீலம். மார்பும் வயிறும் மங்கிய சந்தன மஞ்சள். அடிவயிறும் வாலடியும் குங்குமச் சிவப்பு. கால்கள் இளஞ்சிவப்பு. பறக்கும்போது மட்டும் இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும்.

இவ்வளவு நிறம் இருந்தும் இது எளிதில் கண்ணில் படாது. காரணம், அது வாழும் இடம். மரநிழலில், காய்ந்த சருகுக்கு நடுவே நிற்கும்போது பச்சையும் பழுப்பும் சூழலோடு கலந்துவிடும். சிவப்பு நிறம் வயிற்றுக்கு அடியில் மறைந்திருக்கும். அசையாமல் நின்றால் பத்தடி தூரத்தில்கூடக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேறு பறவையோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க:

* வெண்மார்பு மீன்கொத்திக்கு நீளமான, தடித்த சிவப்பு அலகு இருக்கும். மின்கம்பியில் வெட்டவெளியில் உட்காரும். ஆறுமணிக்குருவியின் அலகு சிறியது. அது தரையில் திரியும்.

* பனங்காடை இதைவிடப் பெரியது. கம்பியிலும் பட்ட மரத்திலும் உட்காரும். பறக்கும்போது இறக்கை முழுக்க நீலமாகத் தெரியும்.

* பஞ்சுருட்டான் ஒல்லியானது. வளைந்த அலகும், வாலிலிருந்து ஊசி போல நீளும் இறகும் அதற்கு உண்டு. ஆறுமணிக்குருவிக்கு வாலே இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு குட்டை.

ஏன் 'ஆறுமணி'?

கடிகாரம் பார்க்காமலே காலை ஆறு மணிவாக்கிலும் மாலை ஆறு மணிவாக்கிலும் கத்துவதால் வந்த பெயர் இது. விடிவதற்குச் சற்று முன்பும், பொழுது சாயும் நேரத்திலும் இரண்டு சுரத்தில் தெளிவான ஒரு சீட்டி கேட்கும். முதல் சுரம் மேலே ஏறும், அடுத்தது இறங்கும். ஒன்று கத்தினால் பக்கத்துத் தோப்பிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். வானம் மூடிய மழை நாட்களில் பகலிலும் கத்துவது உண்டு.

இந்தப் பறவையைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். வீட்டுக் கொல்லையில் நான்கைந்து மாதம் தங்கியிருந்தும், யாரோ பையன் விசிலடிக்கிறான் என்று நினைத்து விட்டுவிட்டவர்களும் இருப்பார்கள்.

இந்தக் குரலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. குயில், மைனா, புல்புல் என்று நாம் பார்க்கும் பறவைகளில் மைனாவும் புல்புல்லும் இசைப்பறவைகள் என்ற பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவின் குஞ்சுகள் பெரிய பறவைகளைக் கேட்டுத்தான் பாட்டைப் பழகும். பிட்டாக்கள் அந்தப் பிரிவில் வராது. இவற்றுக்குக் குரல் பெரும்பாலும் பிறவியிலேயே வந்துவிடுவதாகக் கருதப்படுகிறது.

எங்கிருந்து வருகிறது?

ஆறுமணிக்குருவி முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது தமிழ்நாட்டில் அல்ல. இமயமலை அடிவாரக் காடுகள், மத்திய இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி ஆகியவைதான் அதன் தாய்வீடு. தெற்கே கர்நாடகம் வரை கூடு கட்டுவது பதிவாகியுள்ளது. குஜராத்தின் கிர் காடு, ராஜஸ்தானின் ரந்தம்பூர் போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இதன் சீட்டி கேட்கத் தொடங்கிவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். தரையிலோ தாழ்ந்த கிளையிலோ காய்ந்த இலையும் புல்லும் வைத்துப் பந்து போல உருண்டையாகக் கூடு கட்டும். பக்கவாட்டில் வட்டமாக ஒரு வாசல். நான்கைந்து முட்டை. பளபளக்கும் வெள்ளையில் கருஞ்சிவப்புப் புள்ளிகள்.

மழை குறைந்து, அங்கே தரை காயத் தொடங்கியதும் பயணம் ஆரம்பம். தரையில் ஈரம் இல்லையென்றால் மண்புழு கிடைக்காது, சருகுக்கடியில் பூச்சியும் குறைந்துவிடும். அதே சமயத்தில் தெற்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. ஈரம் எங்கேயோ, உணவும் அங்கே. அதனால் தென்னிந்தியாவுக்கும், அங்கிருந்து கடல் தாண்டி இலங்கைக்கும் இது வந்து சேர்கிறது. பங்குனி, சித்திரை வாக்கில் மீண்டும் வடக்கே கிளம்பிவிடும்.

இந்தப் பயணம் இரவில் நடக்கிறது. பகலில் புதரை விட்டு வெளியே வரவே தயங்கும் பறவை, இரவில் ஊர்களுக்கும் வயல்களுக்கும் மேலே தன்னந்தனியாகப் பறந்து போகிறது. வாத்து, நாரை போலக் கூட்டமாக வந்து ஏரியில் இறங்குவதில்லை என்பதால், இது வருவதும் போவதும் யாருக்கும் தெரிவதில்லை.

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் இதற்கு என்ன வேலை?

'காட்டுப் பறவைன்னா மலைப்பக்கம்தானே இருக்கணும்? கடலூர் மாவட்டத்தில் காடு எங்கே இருக்கு?' என்ற கேள்வி வரலாம்.

ஸ்ரீமுஷ்ணம் சிதம்பரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பூவராக சுவாமி கோயிலால் பெயர்பெற்ற ஊர். மலையோ பெருங்காடோ அருகில் இல்லை. நெல், கரும்பு, முந்திரி என்று முழுக்க விவசாயப் பகுதி. ஆனால் ஆறுமணிக்குருவிக்குக் குளிர்காலத்தில் பெருங்காடு தேவையில்லை. மூன்றே மூன்று விஷயம் போதும்: மேலே நிழல், கீழே சருகு, சருகுக்கு அடியில் ஈரம்.

அப்படிப் பார்த்தால் இந்த வட்டாரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்து முந்திரித் தோப்புகளில் மரத்தடியில் சருகு மெத்தை போலக் கிடக்கும். வெள்ளாற்றங்கரை, கொள்ளிடக்கரை மூங்கில் புதர்கள், வீராணம் ஏரியைச் சுற்றியுள்ள வாய்க்கால் கரைகள், வீட்டுக் கொல்லையில் வாழைக்கும் மாமரத்துக்கும் இடையில் விட்டுவைத்த புதர், இவையெல்லாம் அதற்கு ஏற்ற தங்குமிடங்கள்.

இவற்றைவிட முக்கியமானவை ஊருக்கு வெளியே இருக்கும் ஐயனார் கோயில் காடுகள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் உலர் பசுமைமாறாக் காடு என்ற தனிவகைக் காடு பரவியிருந்தது. உயரம் அதிகமில்லாத, ஆனால் ஆண்டு முழுக்க இலை உதிர்ந்து மொட்டையாகாத, அடர்ந்த காடு. இன்று அதில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட கோயில் காடுகள்தான். வழிநெடுக இருக்கும் இந்தத் துண்டுக் காடுகள்தான் பயணப் பறவைக்குச் சத்திரம் மாதிரி.

கிழக்கே போனால் பிச்சாவரம், இன்னும் தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் கோடியக்கரை. பிச்சாவரம் 2022-இலும், கோடியக்கரை 2002-இலும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. கோடியக்கரைக் காட்டில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் காலில் வளையம் போட்டு ஆய்வு செய்து வருகிறார்கள். அங்கே பதிவான வலசைப் பறவைகளில் ஆறுமணிக்குருவியும் ஒன்று.

இன்னும் எளிதாகச் சொன்னால், மாசி மகத்துக்குப் பூவராகர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும் நாட்களில் இந்தக் குருவி இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். ஊர்வலம் போகும் சாலையோரத் தோப்பில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஏன் வீட்டுக்குள் வந்து விழுகிறது?

நான்கு காரணங்கள் சொல்லலாம்.

முதல் காரணம், களைப்பு. நீண்ட தூரம் பறந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பு தீர்ந்ததும் எங்கே இறங்குகிறோம் என்று பார்க்கும் நிலையில் அது இருக்காது. கீழே இறங்கியே ஆக வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம். இரவில் பறக்கும் பறவைகள் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வழிகாட்டியாகப் பயன்படுத்துகின்றன. கீழே பளீரென்று எல்.இ.டி. விளக்கு எரிந்தால் திசை குழம்பி அதை நோக்கி இறங்கிவிடும். மேகம் மூடி, தூறல் போடும் இரவில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். மழைக்காலத்தில்தான் இது வந்து சேர்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து புரியும்.

மூன்றாவது, கண்ணாடி. வெளிச்சத்தைப் பார்த்துத் தாழ்ந்து வரும் பறவை ஜன்னல் கண்ணாடியிலும் கடை முகப்புக் கண்ணாடியிலும் மோதி மயங்கி விழும். கண்ணாடியில் தெரியும் மரத்தின் நிழலை உண்மையான மரம் என்று நினைத்துப் பகலிலும் மோதுவது உண்டு.

நான்காவது, புயல். வங்கக் கடலில் புயல் உருவாகும் காலமும் இந்தப் பறவை வந்து சேரும் காலமும் ஒன்றுதான். காற்று தள்ளிக்கொண்டு போனால் சின்ன உடம்பால் எதிர்த்துப் பறக்க முடியாது. புயல் பறவையை மட்டுமல்ல, அது தங்கும் மரத்தையும் சேர்த்தே சாய்க்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் கோடியக்கரைக் காட்டைச் சிதைத்தது.

வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன செய்யணும்?

பதற வேண்டாம். பெரும்பாலும் இதற்குத் தேவை மருந்தல்ல, சில மணி நேர அமைதியும் இருட்டும்தான்.

1. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். வீட்டுக்குள் வந்த பறவைக்கு உடனடி எமன் சுற்றும் மின்விசிறிதான்.

2. இரவு நேரமாக இருந்தால் அறை விளக்கை அணைத்து, ஜன்னலையோ கதவையோ திறந்து வையுங்கள். பறக்கும் தெம்பு இருந்தால் தானாகவே வெளியே போய்விடும். துரத்தாதீர்கள்.

3. பூனை, நாய், காக்கை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத நிறத்தில் ஒரு பறவை தரையில் கிடந்தால் காக்கைகள் கூட்டமாக வந்து கொத்தும்.

4. பறக்காமல் உட்கார்ந்தே இருந்தால், மெல்லிய துணியைப் போர்த்தி மெதுவாக எடுத்து, காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். அடியில் பழைய பருத்தித் துணி விரித்தால் போதும். மூடி வைத்து, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். இருட்டில் பறவை அமைதியாகும்.

5. கண்ணாடியில் மோதிய அதிர்ச்சி என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும். பெட்டிக்குள் துள்ளும் சத்தம் கேட்கும். அப்போது பக்கத்தில் உள்ள புதர் அடர்ந்த தோப்புக்கோ கோயில் காட்டுக்கோ எடுத்துச் சென்று, நிழலில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். உச்சி வெயிலைவிட அதிகாலையோ மாலையோ நல்லது. கையால் மேலே வீசிப் பறக்கவிடுவது வேண்டாம்.

6. இறக்கை தொங்கினால், ரத்தம் வந்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தால், பல மணி நேரமாகியும் நிற்க முடியாவிட்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அருகிலுள்ள வனச்சரக அலுவலகமோ அரசு கால்நடை மருந்தகமோ உதவும்.

7. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

செய்யவே கூடாதவை

* வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பறவைக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் அதுவே உயிரை எடுத்துவிடும்.

* அரிசி, சோறு, பால், பிஸ்கட் எதுவும் வேண்டாம். இது தானியம் தின்னும் பறவை அல்ல. முழுக்க முழுக்கப் பூச்சி, புழு, நத்தை தின்னும் பறவை.

* செல்ஃபி, ரீல்ஸ் என்று கைமாற்றி கைமாற்றிப் பிடிக்காதீர்கள். மனிதக் கை படும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குப் பயம். ஏற்கெனவே களைத்த உடம்பு அந்தப் பயத்தைத் தாங்காது.

* கூண்டில் அடைத்து வளர்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். உயிருள்ள இரையைத் தேடித் தின்னும் பறவையைக் கூண்டில் வைத்தால் சில நாட்கள்கூடத் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை இது. வலை வைத்துப் பிடிப்பது, கவண் வைத்து அடிப்பது, கூண்டில் வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. 'பாவம்னுதான் வீட்டில் வச்சுக்கிட்டோம்' என்று சொன்னாலும், நாள் கணக்கில் வைத்துக்கொண்டால் அது சட்டப்படி செல்லாது. காப்பாற்றுவது என்றால் உடனே விட்டுவிடுவது, அல்லது வனத்துறையிடம் ஒப்படைப்பது.

உலக அளவில் அழியும் ஆபத்து குறைந்த பறவைகளின் பட்டியலில்தான் ஐ.யு.சி.என். அமைப்பு இதை வைத்துள்ளது. அதற்காக அலட்சியமாக இருந்துவிட முடியாது. கூடு கட்டும் காடு வடக்கே, குளிர்காலத் தோப்பு தெற்கே, நடுவில் நீண்ட பாதை. மூன்றில் ஒன்று கெட்டாலும் பாதிப்பு பறவைக்குத்தான்.

சருகைக் குப்பை என்று நினைக்கிறோமா?

ஆறுமணிக்குருவி சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். தரையில் தத்தித் தத்திப் போகும். அலகால் ஒரு சருகைத் தூக்கி எறியும். கீழே என்ன நெளிகிறது என்று பார்க்கும். கறையான், எறும்பு, வண்டு, மண்புழு, நத்தை எது கிடைத்தாலும் கொத்தும். பிறகு அடுத்த சருகு. இடையிடையே குட்டை வாலை மேலும் கீழும் மெதுவாக ஆட்டும். ஆபத்து என்றால் பக்கத்துத் தாழ்ந்த கிளைக்குத் தாவும். இரவில் மரத்தில் தங்கும்.

அதாவது அதன் சாப்பாட்டுத் தட்டே சருகுதான். கொல்லையைச் சுத்தமாக வைக்கிறோம் என்று சருகைக் கூட்டித் தீ வைத்தால், அதன் தட்டையே எரிக்கிறோம். தோப்பில் களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் தாராளமாக அடித்தால், மண்ணுக்குள் இருக்கும் பூச்சியும் புழுவும் போய்விடும். கோயில் காட்டை அழித்துச் சிமென்ட் தரை போட்டு மண்டபம் கட்டினால் சத்திரமே இல்லாமல் போகும்.

இதற்குப் பெரிய செலவெல்லாம் தேவையில்லை. முந்திரி அறுவடைக்கு முன் மரத்தடியைச் சுத்தம் செய்வது விவசாயிகளின் வழக்கம். அந்தச் சருகை எரிக்காமல் வரப்போரத்தில் மூடாக்காகப் போட்டால் மண்ணின் ஈரமும் காக்கப்படும், குருவிக்கும் இரை கிடைக்கும். வீட்டுக் கொல்லையில் ஒரு மூலையை மட்டும் கூட்டாமல் விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மாடி விளக்கையும் தேவையில்லாத வெளி விளக்கையும் படுக்கப் போகும்போது அணைத்துவிடலாம். மின்கட்டணமும் மிச்சம்.

மயில் வாங்கிப் போன உடை

இலங்கையில் இந்தப் பறவையைச் சிங்களத்தில் 'அவிச்சியா' என்பார்கள். அதன் கத்தலைக் கேட்டு வைத்த பெயர். அங்கே ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. மயிலின் அழகான உடை உண்மையில் இந்தக் குருவியுடையதாம். மயில் அதை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவே இல்லையாம். அந்தக் கோபத்தில்தான் காலையும் மாலையும் இது முறையிட்டுக் கத்துகிறதாம். மிச்சமிருக்கும் உடையே ஒன்பது நிறத்தில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்திய அஞ்சல் துறையும் இதை மறக்கவில்லை. 1975-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் அஞ்சல்தலை வரிசையில் 25 பைசா தலையில் இடம்பிடித்தது ஆறுமணிக்குருவிதான்.

இதன் உறவினர்கள் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசிய மழைக்காடுகளில் வாழ்கின்றன. இந்தியாவிலேயே வடகிழக்கு மாநிலங்களில் நீலப் பிட்டா உள்ளிட்ட சில இனங்கள் உண்டு. அலையாத்திக் காட்டில் மட்டும் வாழும் இன்னொரு பிட்டா ஒடிசாவின் பிதர்கனிகாவிலும் வங்கத்தின் சுந்தரவனத்திலும் இருக்கிறது. பார்க்க ஆறுமணிக்குருவி போலவே இருக்கும். தமிழ்நாட்டில், பிச்சாவரத்திலும்கூட, நாம் பார்ப்பது வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவியைத்தான்.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. விடியற்காலை அல்லது பொழுது சாயும் நேரம். முதலில் காது, அப்புறம்தான் கண். இரண்டு சுரச் சீட்டி கேட்கும் திசையில் அசையாமல் பத்து நிமிடம் நின்றால் சருகு புரளும் சத்தம் கேட்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டி தேசியப் பூங்காவும், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் இது வழக்கமாக வந்து தங்கும் இடங்கள்.

படம் எடுக்கும் ஆசையில் செல்போனில் இதன் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேறொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து இது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். அதைத் தவிர்ப்பது நல்லது.

பார்த்தாலோ கேட்டாலோ, தேதியையும் இடத்தையும் இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகள்கூடப் பதினைந்து நிமிடம் செலவழித்தால் போதும். சரணாலயங்களுக்கு வரும் நீர்ப்பறவைகளை எண்ண ஆள் இருக்கிறது. ஊர்த் தோப்பில் தனியாக வந்து தங்கும் இந்தக் குருவியைக் கணக்கில் சேர்க்க அந்தந்த ஊர்க்காரர்கள்தான் வேண்டும்.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: விசிறியை நிறுத்து, விளக்கை அணை, பெட்டியில் வை, தெளிந்ததும் தோப்பில் விடு. கூண்டு வேண்டாம்.